பாப் மார்லி தூங்கிய பின்னறை... ரெகேவை வளர்த்த ஸ்டூடியோவின் கதை!

டி-ஷர்ட்டில், தொப்பியில், பைக் ஸ்டிக்கரில் என எங்காவது ஓரிடத்தில் பாப் மார்லியின் முகத்தைப் பார்த்திருப்பீர்கள். சடைமுடியும் சிரிப்புமாக உலகம் முழுக்கப் பரவிய முகம் அது. அந்த முகத்தை யாருக்கும் தெரியாத காலம் ஒன்று இருந்தது. இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த மார்லி, தங்க வீடு இல்லாமல் ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவின் பின்னறையில் படுத்துக்கொண்டிருந்தார். பகலில் அதே கட்டடத்தில் பாடுவார். மீதி நேரத்தில், முதலாளி கொடுத்த அமெரிக்க இசைத்தட்டுகளைப் போட்டுக் கேட்டு, எந்தப் பாட்டை யார் பாடினால் எடுபடும் என்று யோசித்துச் சொல்வார்.

ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், 13, பிரென்ட்ஃபோர்டு சாலை என்பது அந்தக் கட்டடத்தின் முகவரி. பெயர், ஸ்டூடியோ ஒன். மார்லி மட்டுமல்ல, ரெகே இசையில் பெயர் சொல்லும்படி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு கட்டத்தில் அந்த வாசலை மிதித்தவர்கள்தான். அங்கே போடப்பட்ட இசைத் துணுக்குகள் அரை நூற்றாண்டு கழிந்தும் புதுப் பாடல்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால், அவற்றை வாசித்தவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டால், கதை கொஞ்சம் கசக்கும்.

கிரிக்கெட் கொடுத்த பெயர்

மைக்கேல் ஹோல்டிங், கர்ட்னி வால்ஷ், கிறிஸ் கெய்ல் ஆகியோரைத் தந்த தீவு ஜமைக்கா. அங்கே இசைக்காரரின் பெயரிலும் கிரிக்கெட் வந்து உட்கார்ந்துகொண்டதில் ஆச்சர்யமில்லை. ஸ்டூடியோ ஒன்னின் முதலாளி கிளெமென்ட் டாட், 1932 ஜனவரி 26-ல் கிங்ஸ்டனில் பிறந்தவர். பள்ளிக்கூட நாட்களில் நன்றாக கிரிக்கெட் ஆடுவார். அப்போது இங்கிலாந்தின் யார்க்ஷயர் அணியில் அலெக் காக்ஸன் என்றொரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். 1948-ல் பிராட்மேனின் ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவர். அந்தப் பெயரைத்தான் நண்பர்கள் டாடுக்குச் சூட்டினார்கள். அது ‘காக்ஸன் டாட்’ என்றே நிலைத்துவிட்டது. காக்ஸனின் டெஸ்ட் வாழ்க்கை ஓர் ஆட்டத்தோடு முடிந்தாலும், அவருடைய பெயர் கரீபியன் இசை வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது.

டாடின் அம்மா டோரிஸ் டார்லிங்டன் கடை நடத்தியவர். வாடிக்கையாளர்கள் நின்று போகட்டும் என்று கடையில் இசைத்தட்டு சுழல்வது வழக்கம். எந்தப் பாட்டுக்கு யார் தலையாட்டுகிறார்கள், எந்தப் பாட்டில் முகம் சுளிக்கிறார்கள் என்பதைக் கவனிக்கும் பழக்கம் மகனுக்கு அங்கேதான் வந்தது. பின்பு பண்ணைக் கூலி வேலைக்காக அமெரிக்காவின் தெற்குப் பகுதிக்குப் போனார் டாட். அங்கே கறுப்பின மக்கள் ஆடிப்பாடும் ‘ரிதம் அண்ட் புளூஸ்’ இசை அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பும்போது இசைத்தட்டுகளையும், அவற்றைப் பெரும் சத்தத்தில் ஒலிக்கச் செய்யும் கருவிகளையும் கொண்டுவந்தார்.

தெருவுக்கு வந்த ரேடியோ

1950-களின் ஜமைக்கா, பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. வசதியானவர்களுக்கு ஓட்டல்களில் வாத்தியக் குழு வாசிக்கும். ரேடியோ பெட்டி வாங்கவே யோசிக்க வேண்டிய குடிசைப் பகுதி மக்களுக்கு? அவர்களுக்காக உருவானதுதான் ‘சவுண்ட் சிஸ்டம்’. ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு போடும் மேஜை எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவந்து, வேலியடைத்த ஒரு திறந்தவெளியில் இறக்குவார்கள். வாசலில் சிறு கட்டணம், உள்ளே சாப்பாடும் பானமும், விடிய விடிய ஆட்டம். சத்தம் பல தெருக்களைத் தாண்டிக் கேட்கும்.

1954-ல் டாட் தொடங்கிய சவுண்ட் சிஸ்டத்தின் பெயர் ‘சர் காக்ஸன்’ஸ் டவுன்பீட்’. அவர் இசைத்தட்டு வாங்க அமெரிக்கா போகும் நாட்களில், அம்மா டோரிஸே நின்று நடத்துவார். பாட்டுக்கு நடுவே மைக் பிடித்துக் கூட்டத்தை உசுப்பேற்ற கவுன்ட் மச்சூக்கி என்ற பேச்சுக்காரர் இருந்தார். தாளத்தோடு பேசும் அந்த வழக்கம் ஜமைக்காவில் ஊறிப்போனது. 1967-ல் கிங்ஸ்டனிலிருந்து நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் குடிபெயர்ந்த ஒரு சிறுவன், வளர்ந்து ‘டி.ஜே. கூல் ஹெர்க்’ என்ற பெயரில் அங்கே பெரும் ஸ்பீக்கர்களோடு விருந்துகள் நடத்தினார். 1973-ல் அவர் நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடுகிறார்கள்.

சவுண்ட் சிஸ்டம்காரர்களுக்கு இடையே போட்டி கடுமையாக இருந்தது. டாடின் பெரிய எதிரி, டியூக் ரீட். முன்னாள் போலீஸ்காரர், மதுக்கடை உரிமையாளர், இடுப்பில் துப்பாக்கியோடு வலம்வந்தவர். யாரிடமும் இல்லாத பாட்டு யாரிடம் இருக்கிறதோ, கூட்டம் அவரிடம். அதனால் டாட் ஒரு தந்திரம் செய்தார். அரிய இசைத்தட்டு கிடைத்ததும், அதன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார். பாடியவர் யார், பாட்டின் பெயர் என்ன என்று எவருக்கும் தெரியாது. வில்லிஸ் ஜாக்சன் என்ற அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞரின் இசைத்தட்டு ஒன்றுக்கு ‘காக்ஸன் ஹாப்’ என்று தானே பெயர் வைத்து, பல காலம் தன் அடையாளமாக ஒலிக்கவிட்டார். கடைசியில் டியூக் ரீட் அதன் உண்மையான பெயரைக் கண்டுபிடித்து, தன் கூட்டத்திலும் போட்டபோது அந்த ரகசியம் உடைந்தது.

லேபிளைச் சுரண்டும் இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டை உருவாக்கியவரின் பெயர் மறைந்து, அதை ஒலிக்கவிட்டவரின் பெயர் நிலைப்பது பின்னாலும் வரப்போகிறது.

மூடிய கிளப்பில் திறந்த ஸ்டூடியோ

1950-களின் இறுதியில் ஒரு சிக்கல். அமெரிக்க இளைஞர்கள் ராக் அண்ட் ரோல் பக்கம் போய்விட்டார்கள். கிங்ஸ்டன் மக்கள் ஆட விரும்பிய பழைய பாணி இசைத்தட்டுகள் அமெரிக்காவிலிருந்து வருவது குறைந்தது. வெளியூர்ச் சரக்கு தீர்ந்தால் என்ன செய்வது? சொந்தமாகச் சமைக்க வேண்டியதுதான்! டாட், டியூக் ரீட் இருவருமே உள்ளூர்ப் பாடகர்களை வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். ஃபெடரல் என்ற ஸ்டூடியோவை வாடகைக்கு எடுத்து, தங்கள் சவுண்ட் சிஸ்டத்தில் போடுவதற்காக மட்டும் ஒற்றைப் பிரதிகள் தயாரித்தார்கள். ஆடவந்தவர்கள், ‘இது எங்கே விலைக்குக் கிடைக்கும்?’ என்று கேட்க ஆரம்பித்ததும், விற்பனையும் தொடங்கியது.

1962 ஆகஸ்ட் 6-ல் ஜமைக்கா சுதந்திரம் பெற்றது. அடுத்த ஆண்டு, 1963-ல், பிரென்ட்ஃபோர்டு சாலையில் ஒரு கட்டடத்தை எடுத்தார் டாட். முன்பு அது ‘தி எண்ட்’ என்ற பெயரில் நைட் கிளப்பாக இருந்தது. ‘முடிவு’ என்று பெயர் கொண்ட இடத்தில் ஜமைக்கா இசையின் புதிய அத்தியாயம் தொடங்கியது. ஜமைக்காவில் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான முதல் ரெக்கார்டிங் ஸ்டூடியோ என்று அதைச் சொல்கிறார்கள்.

ஆரம்பத்தில் அங்கே இருந்தது ஒரே ஒரு டிராக் கொண்ட பதிவுக் கருவி. இன்று ஸ்மார்ட்போன் ஆப்பிலேயே பாட்டு ஒன்றைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து ஒட்டிவிடலாம். ஒரு டிராக்கில் அது முடியாது. பாடகர், டிரம்ஸ், பேஸ், பியானோ, டிரம்பெட் எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். கடைசி வரியில் ஒருவர் தப்பு செய்தாலும் முதலிலிருந்து மறுபடியும். அதனால் ஸ்டூடியோவுக்குக் கை சுத்தமான வாத்தியக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

கன்னியாஸ்திரி வளர்த்த பிள்ளைகள்

அந்த வாத்தியக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது தனிக் கதை. கிங்ஸ்டனில் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல், ஆதரவற்ற, ஏழைச் சிறுவர்களுக்கான இடம். தச்சு, தையல், அச்சுத் தொழிலோடு பேண்ட் வாத்தியமும் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே இருந்த சிஸ்டர் மேரி இக்னேஷியஸ், பையன்களின் இசைக்குப் பெரிய ஆதரவு. தானே இசைத்தட்டுகளைச் சேகரித்து, பள்ளிக்கென ஒரு சவுண்ட் சிஸ்டமே வைத்திருந்தவர். 2003-ல் அவர் மறையும்வரை, ஜமைக்காவின் பெரிய இசைக்கலைஞர்கள் பலர் அவரைத் தங்கள் தாயாகவே நினைத்தார்கள்.

சாக்ஸஃபோன் கலைஞர்கள் டாமி மெக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், டிரம்பெட் வாசித்த ஜானி மூர், டிராம்போன் மேதை டான் டிரம்மண்ட் ஆகியோர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள். 1964-ல் இவர்களும் வேறு சிலரும் சேர்ந்து அமைத்த குழுதான் ‘ஸ்காடலைட்ஸ்’. விண்வெளியில் சேட்டிலைட்கள் சுற்றத் தொடங்கியிருந்த காலம். ‘ஸ்கா’ என்ற தங்கள் இசையின் பெயரை அதோடு ஒட்டிக்கொண்டார்கள். இக்குழுவின் பியானோ நாற்காலியில் உட்கார்ந்த ஜாக்கி மிட்டூவுக்கு அப்போது 16 வயது!

ஸ்கா வேகமானது, துள்ளலானது. தாளத்தின் அடி விழும் இடத்தில் அல்லாமல், இரண்டு அடிகளுக்கு நடுவே கிதாரும் பியானோவும் ‘சக்... சக்...’ என்று வெட்டும். புதிதாகச் சுதந்திரம் பெற்ற தேசத்தின் உற்சாகம் அந்தத் துள்ளலில் இருந்தது என்பார்கள்.

ஸ்காடலைட்ஸ் குழு நீடித்தது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவாகத்தான். 1965 புத்தாண்டு நாளில், டான் டிரம்மண்ட் தன் காதலியான நடனக் கலைஞர் மார்கரிட்டாவைக் குத்திக் கொன்றார். மனநோயால் நெடுநாள் அவதிப்பட்ட அவர், காப்பகத்தில் அடைக்கப்பட்டு, 1969-ல் அங்கேயே இறந்தார். 1965-லேயே குழு கலைந்தது. ஆனால், அந்தக் குறுகிய காலத்துக்குள் பிரென்ட்ஃபோர்டு சாலையில் அவர்கள் வாசித்தவை ஏராளம். பாடகர்கள் பலரின் முதல் பாடல்களுக்குப் பின்னால் ஒலிப்பது இவர்களுடைய வாத்தியங்களே.

ஞாயிற்றுக்கிழமை வரிசை

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூடியோ வாசலில் வரிசை நிற்கும். பாட வாய்ப்பு தேடி வரும் பையன்கள், பெண்கள், தெருமுனைக் குழுக்கள். பாடிக் காட்ட வேண்டும், பிடித்துப்போனால் அழைப்பு வரும். சிபாரிசும் வேண்டாம், நல்ல சட்டையும் வேண்டாம். கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில் இருந்து வந்தவர்களுக்கு இப்படிக் கதவு திறந்த இடங்கள் அன்று மிகக் குறைவு.

டெல்ராய் வில்சன் பள்ளிச் சிறுவனாகவே டாடிடம் பாடினார். ஃபிரெடி மெக்ரெகர் ஏழு வயதில் வந்தவர். மைக் எட்டாததால், பீர் பெட்டியின் மேல் நிறுத்திப் பாடவைத்தார்கள். 1969-ல் ‘நோ மேன் இஸ் ஆன் ஐலண்ட்’ பாடலால் புகழ்பெற்ற டென்னிஸ் பிரவுனுக்கு வயது 12. ஆல்டன் எல்லிஸ், கென் பூத், ஜான் ஹோல்ட், மார்சியா கிரிஃபித்ஸ், ஹொரேஸ் ஆண்டி என்று அந்த வாசலில் நுழைந்தவர்களின் பட்டியல் நீளும்.

அந்த வரிசையில் வந்தவர்கள்தான் டிரெஞ்ச் டவுன் குடியிருப்புப் பையன்கள் பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர். ஜோ ஹிக்ஸ் என்ற பாடகர் தன் வீட்டு முற்றத்தில் அவர்களுக்குக் குரல் பயிற்சி கொடுத்திருந்தார். ‘தி வெய்லர்ஸ்’ என்ற பெயரில் அவர்கள் பாடிய ‘சிம்மர் டவுன்’, 1964 பிப்ரவரியில் ஜமைக்காவின் முதலிடத்துக்குப் போனது. கத்தியும் கையுமாகத் திரிந்த கிங்ஸ்டன் இளைஞர்களைப் பார்த்து, ‘கொஞ்சம் அடங்குங்கள்’ என்று சொன்ன பாட்டு அது. பின்னணி வாசித்தது ஸ்காடலைட்ஸ். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ‘ஒன் லவ்’ பாடலின் முதல் வடிவமும் 1965-ல் இங்கேதான் பதிவானது.

டாட் அவர்களுக்குப் பளபளக்கும் தங்க நிற கோட்டு வாங்கிக் கொடுத்தார். மார்லிக்குத் தங்க அறை கொடுத்தார். ‘சோலட்ஸ்’ என்ற குழுவில் பாடவந்த ரீட்டாவை மார்லி சந்தித்துக் காதலித்ததும் இந்த ஸ்டூடியோ நாட்களில்தான். 1966 பிப்ரவரியில் அவர்களுக்குத் திருமணம். ஆனால், பாடல்கள் ஊர் முழுக்க ஒலிக்க, கைக்கு வந்தது சொற்ப வாரச் சம்பளம். வெய்லர்ஸ் ஸ்டூடியோ ஒன்னை விட்டு வெளியேறி, சொந்தமாக இசைத்தட்டு வெளியிடத் தொடங்கினார்கள்.

பணத்தில் மனக்கசப்பு இருந்தாலும், அந்த இடத்தின் மதிப்பு மார்லிக்குத் தெரிந்திருந்தது. 1969 வாக்கில், தன் சொந்த ஊர்ப் பக்கம் அவரைச் சந்தித்த வின்ஸ்டன் ராட்னி என்ற இளைஞர், பாட எங்கே போவது என்று கேட்டார். ‘ஸ்டூடியோ ஒன்னுக்குப் போ’ என்பதுதான் மார்லி சொன்ன யோசனை. போனவர், பின்னாளில் ‘பர்னிங் ஸ்பியர்’ என்ற பெயரில் ரெகேயின் பெருங்குரல்களில் ஒன்றானார்.

வேகம் குறைந்தது, பேஸ் எழுந்தது

1966 வாக்கில் ஜமைக்கா இசையின் வேகம் சட்டென்று தணிந்தது. அந்த ஆண்டின் கடும் வெயிலில் துள்ளி ஆட முடியாமல் போனதுதான் காரணம் என்று ஒரு கதை உண்டு. காரணம் எதுவானாலும், ‘ராக்ஸ்டெடி’ என்ற நிதானமான பாணி பிறந்தது. டிரம்பெட் கூட்டம் பின்னுக்குப் போக, பேஸ் கிதார் முன்னுக்கு வந்தது. வேகம் குறைந்ததால் ஒவ்வொரு பேஸ் சுரத்துக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. கேட்பவர்கள் பாடல் வரியை மறந்தாலும் பேஸ் ஓட்டத்தை முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

இந்த மாற்றத்தை நடத்தியவர் ஜாக்கி மிட்டூ. ஸ்காடலைட்ஸ் கலைந்த பின், ஸ்டூடியோவின் இசை அமைப்புப் பொறுப்பு அவரிடம் வந்தது. ‘ஹெப்டோன்ஸ்’ குழுவில் பாடிக்கொண்டிருந்த லெராய் சிபிள்ஸ், பேஸ் கிதாரைக் கையில் எடுத்தார். இவர்கள் இருந்த குழு ‘சோல் பிரதர்ஸ்’, ‘சோல் வெண்டர்ஸ்’, ‘சவுண்ட் டைமன்ஷன்’ என்று பெயரை மாற்றிக்கொண்டே போனது. பதிவுக் கருவிகளுக்கு முன்னால் சில்வன் மாரிஸ் போன்ற தேர்ந்த பொறியாளர்கள்.

1968-ல் லாரி மார்ஷல் பாடிய ‘நானி கோட்’ வெளியானது. அதில் கிதாரின் வெட்டு எதிரொலியோடு இரட்டையாகக் கேட்கும். ஆர்கன் அதன் மேல் குமிழியிடும். முதல் ரெகே பாட்டு எது என்ற முடிவில்லாத விவாதத்தில் தவறாமல் அடிபடும் பெயர்களில் இதுவும் ஒன்று.

ஒரே அடித்தளம், நூறு வீடு

ஸ்டூடியோ ஒன் உலகுக்குக் கொடுத்ததில் முக்கியமானது எது என்று ரெகே ரசிகர்களைக் கேட்டால், பாடகர்களைவிட முன்னதாக ஒரு சொல்லைச் சொல்வார்கள்: ‘ரிடிம்’. ‘ரிதம்’ என்பதன் ஜமைக்கா உச்சரிப்பு. பேஸ் கிதார், டிரம்ஸ், வெட்டும் கிதார், ஆர்கன் எல்லாம் சேர்ந்த பின்னணி இசைதான் ரிடிம். மெட்டு அதற்கு மேல் கட்டப்படுவது. அடித்தளம் ஒன்று, அதன் மேல் யார் வேண்டுமானாலும் தங்கள் மெட்டையும் வரிகளையும் வைத்து வீடு கட்டிக்கொள்ளலாம்.

இது பரவியதற்குத் தொழில்நுட்பமும் ஒரு காரணம். பதிவுக் கருவி இரண்டு டிராக்காக வளர்ந்தபோது, வாத்தியங்களை ஒன்றிலும் குரலை மற்றொன்றிலும் பதிவு செய்ய முடிந்தது. குரலை நீக்கிவிட்டால் வெறும் இசை தனியே கிடைக்கும். டியூக் ரீடின் ஸ்டூடியோவில் அப்படிக் குரல் சேர்க்காமல் தவறுதலாக வெட்டப்பட்ட ஓர் இசைத்தட்டை ஆட்டத்தில் போட, கூட்டமே சேர்ந்து பாடி அதிரவைத்தது என்ற சம்பவம் ஜமைக்காவில் பிரபலம். அதன் பின், பாட்டு ஒரு பக்கம், வெறும் பின்னணி இசை மறுபக்கம் என்று இசைத்தட்டு வெளியிடுவது வழக்கமானது.

‘சவுண்ட் டைமன்ஷன்’ வாசித்த ‘ரியல் ராக்’ என்ற ரிடிமை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் பிற்பகுதியில் பதிவான வாத்திய இசை அது. 1970-களின் பிற்பகுதியில் அதே இசையின் மேல் வில்லி வில்லியம்ஸ் ‘ஆர்மகிடியன் டைம்’ பாடினார். 1979-ல் லண்டனின் பங்க் இசைக்குழு ‘தி கிளாஷ்’ அந்தப் பாட்டைத் தங்கள் பாணியில் பாடியது. அதே ரிடிமின் மேல் இதுவரை எழுந்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இன்னோர் உதாரணம், ‘ஃபுல் அப்’ என்ற ரிடிம். அதைப் பயன்படுத்தி ‘மைட்டி டைமண்ட்ஸ்’ குழு ஒரு பாட்டுப் பாடியது. அதை இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த சிறுவர்கள் குழுவான ‘மியூசிக்கல் யூத்’, ‘பாஸ் தி டச்சி’ என்று மாற்றிப் பாட, 1982-ல் பிரிட்டனில் முதலிடம்! 2006-ல் லில்லி ஆலன் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்த ‘ஸ்மைல்’ பாட்டிலும் ஜாக்கி மிட்டூவும் சோல் பிரதர்ஸும் வாசித்த ‘ஃப்ரீ சோல்’ இசை ஒலிக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டு ஆடிய இளைஞர்களில் எத்தனை பேருக்கு மிட்டூவின் பெயர் தெரிந்திருக்கும்? அவர் 1990-லேயே, 42 வயதில், கனடாவில் காலமாகிவிட்டார்.

தீராத கணக்கு

ஸ்டூடியோ ஒன்னில் வாத்தியக்காரர்களுக்குக் கூலி உண்டு. வேலைக்கு வந்தால் காசு, வாசித்து முடித்தால் கணக்கு முடிந்தது. பாட்டு விற்க விற்க வரும் ராயல்டியில் பங்கு என்பது அன்றைய ஜமைக்காவில் கிட்டத்தட்ட எந்த ஸ்டூடியோவிலும் நடைமுறையில் இல்லை. சுதந்திரம் வந்தும் பிரிட்டிஷ் காலத்துப் பழைய பதிப்புரிமைச் சட்டமே நீடித்தது. நவீனப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்றை ஜமைக்கா இயற்றியது 1993-ல்தான். அதற்குள் ரெகேயின் பொற்காலப் பாடல்களில் பெரும்பகுதி பதிவாகி முடிந்திருந்தது.

இதனால் ஸ்டூடியோ ஒன்னில் வளர்ந்தவர்கள் பலர் மனக்குறையோடு வெளியேறினார்கள். வெய்லர்ஸ் போனார்கள். எடுபிடி வேலையில் தொடங்கிப் பாடல் எழுதுவது வரை எல்லாம் செய்த லீ பெர்ரி, தனக்கு உரிய மதிப்பும் பணமும் கிடைக்கவில்லை என்று விலகினார். 1970-களில் ‘பிளாக் ஆர்க்’ என்ற சொந்த ஸ்டூடியோ கட்டிப் புகழ்பெற்றார். எத்தனையோ ரிடிம்களின் முதுகெலும்பான பேஸ் ஓட்டங்களை வாசித்த லெராய் சிபிள்ஸும் பணத் தகராறில் பிரிந்து, பின்பு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்.

வேடிக்கை என்னவென்றால், இதே வலி டாடுக்கும் வந்தது. 1970-களில் ‘சேனல் ஒன்’ என்ற புதிய ஸ்டூடியோ, ஸ்டூடியோ ஒன்னின் பழைய ரிடிம்களைப் புது டிரம்ஸ் அடியோடு மறுபடியும் வாசித்து வெளியிட்டு வெற்றிமேல் வெற்றி குவித்தது. தன் சரக்கை எடுத்துக்கொண்டு அடுத்தவர் சம்பாதிக்கிறார்கள் என்று டாட் குமுறினார். அவருடைய பதிலடி சுவாரஸ்யமானது. பழைய டேப்புகளை எடுத்து, ஷுகர் மைனாட், ஜானி ஆஸ்போர்ன் போன்ற புதியவர்களை அழைத்து, அசல் இசையின் மேலேயே புதுப் பாட்டுப் பாடவைத்தார். அசலுக்கு மவுசு குறையவில்லை என்பது நிரூபணமானது. அந்தப் புதுப் பாட்டுகளிலும், பத்து வருடம் முன்பு வாசித்தவர்களின் கைகள்தான் மறுபடி உழைத்தன. அவர்களுக்கு அது பழைய கூலிக்குள் அடங்கிய வேலை.

டாடின் பக்கம் நின்று பேசுபவர்களும் உண்டு. ஏழைப் பையன்களை யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் கதவைத் திறந்தவர் அவர். இசைத்தட்டு ஓடாவிட்டால் நஷ்டம் அவருக்குத்தான். மற்ற ஸ்டூடியோக்களில் மணிக்கணக்கு பார்த்து வாடகை வாங்கியபோது, இங்கே வாத்தியக்காரர்கள் நாள் முழுக்க உட்கார்ந்து புதியதைத் தேடிப்பார்க்க முடிந்தது. அந்தச் சுதந்திரம் இல்லாவிட்டால் இந்த ரிடிம்கள் பிறந்திருக்குமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால், கற்றுக்கொடுத்த இடம் என்பதற்காக, உழைத்ததற்கான பங்கைக் கேட்கக் கூடாது என்றாகிவிடுமா? கலைஞர்கள் கேட்ட இந்தக் கேள்விக்கும் அதே அளவு நியாயம் உண்டு.

தெருவுக்கு வந்த பெயர்

1980-களில் கிங்ஸ்டனில் அரசியல் வன்முறை மலிந்திருந்தது. டாட் ஸ்டூடியோவை மூடிவிட்டு நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனார். அங்கே ஓர் இசைத்தட்டுக் கடையும் ஸ்டூடியோவும் நடத்தினார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிறுவனங்கள் அவருடைய பழைய பதிவுகளை மறுவெளியீடு செய்ய, இன்னொரு தலைமுறை ரசிகர்கள் கிடைத்தார்கள். 1991-ல் ஜமைக்கா அரசு அவருக்கு ‘ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்’ விருது வழங்கியது. 1990-களின் பிற்பகுதியில் ஊர் திரும்பி, பிரென்ட்ஃபோர்டு சாலைக் கட்டடத்தில் மறுபடியும் வேலையைத் தொடங்கினார்.

2004-ல் அந்தத் தெருவுக்கே ‘ஸ்டூடியோ ஒன் பூல்வார்ட்’ என்று பெயர் மாற்றினார்கள். விழாவில் டாட் கலந்துகொண்டார். சில நாட்களிலேயே, மே 4 அன்று, ஸ்டூடியோவில் வேலையில் இருந்தபோது மாரடைப்பால் இறந்தார். வயது 72.

2018-ல் ஜமைக்காவின் ரெகே இசையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது யுனெஸ்கோ. அநீதியையும் எதிர்ப்பையும் அன்பையும் பற்றி உலகத்தைப் பேசவைத்த இசை என்று அதைப் பாராட்டியது. அந்த இசை வளர்ந்த கட்டடத்துக்குள்ளேயே ஓர் அநீதியின் வழக்கு முழுதாகத் தீராமல் கிடந்தது என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

அடுத்த முறை ஏதாவது ஒரு ரெகே பாட்டு காதில் விழுந்தால், பாடும் குரலுக்குக் கீழே நிதானமாக நடந்துபோகும் அந்த பேஸ் கிதாரைக் கொஞ்சம் கவனியுங்கள். 13, பிரென்ட்ஃபோர்டு சாலையில், அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன யாரோ ஒருவர் வாசித்ததாக அது இருக்கக்கூடும். முடிந்தால், அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். லேபிளில் சுரண்டப்பட்ட பெயர்களை மறுபடி எழுத ரசிகர்களால் முடிகிற வேலை அது!